மாதையனுக்கு வராத பெட்டிப் புதிர்

பாடம் எடுக்கப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் தலையில் முதலில் பெட்டிப் புதிரைத்தான் கட்டியிருப்பார்கள், எனக்குத் தெரியும். எண் தொடர், திசை, எழுத்தை எண்ணாக்கும் கோடிங் என்று சுலபமானதையெல்லாம் மூத்தவர்கள் எடுத்துக்கொண்டு, "நீங்க பாக்ஸ் பார்த்துக்குங்க" என்று சிரித்தபடி ஒரு கட்டுத் தாளை நீட்டியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் நீட்டினார்கள். தனியார் பள்ளியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவள், தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பின்புறம் மாடியில் இருந்த நம் வங்கித் தேர்வுப் பயிற்சி மையத்துக்கு ரீசனிங் புதிர்கள் எடுக்க வந்தேன். ஓய்வு பெறும்வரை அந்தப் பெட்டிகளை நான் இறக்கி வைக்கவே இல்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. பிடித்துத்தான் செய்தேன்.

புதிரை எப்படிப் போடுவது என்று உங்களுக்கு நான் சொல்லப் போவதில்லை. அதற்கு ஊர்ப்பட்ட வீடியோ இருக்கிறது. நான் சொல்ல நினைப்பது மாதையனைப் பற்றி.

மாதையன் பாலக்கோட்டுப் பக்கத்துக்காரன். தக்காளி மார்க்கெட்டில் விடிகாலையில் லாரிக்குப் பெட்டி அடுக்கும் வேலை. அதை முடித்துவிட்டு, குளித்து, தலையைப் படிய வாரிக்கொண்டு பதினோரு மணி வகுப்புக்கு வந்துவிடுவான். டிகிரி முடித்தவன். கல்யாணம் ஆனவன். வங்கி கிளார்க் தேர்வுக்கு இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் முதல் கட்டத்திலேயே நின்றுபோயிருந்தான். எங்களிடம் வந்தபோது வயது வரம்பு கழுத்துக்கு வந்துவிட்டது. அந்த வருஷத் தேர்வை விட்டால் அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

முதல் வாரம் கரும்பலகையில் வழக்கம்போல ஒரு புதிர் எழுதினேன். எட்டுப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. டி என்ற பெட்டி மேலிருந்து மூன்றாவது. டி-க்கும் ஏ-க்கும் நடுவில் இரண்டு பெட்டிகள். இப்படியே நாலைந்து குறிப்புகள். நாம் எல்லோரும் செய்வதுபோல எட்டுக் கட்டம் வரைந்து, மேலிருந்து மூன்றாவதில் டி என்று எழுதினேன். அதற்கு மேலே இரண்டே இடம் இருப்பதால் ஏ கீழேதான் வர முடியும் என்று ஆறாவது கட்டத்தில் அதையும் எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மேடம், அடியில ஒண்ணுமே இல்லீங்களே. அந்தரத்துல எப்பிடிங்க நிக்கும்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "விழுந்தா நான் புடிச்சுக்கறேன் மாதையா, நீ எழுது" என்றேன். குறும்புக்காரன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் குறும்பு செய்யவில்லை என்பது பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தபோதுதான் தெரிந்தது. எல்லோரும் பாதிப் புதிரைத் தாண்டியிருந்தார்கள். மாதையன் எட்டுக் கட்டத்தை ஸ்கேல் வைத்தாற்போல நேராக வரைந்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் பேனாவோடு காத்திருந்தான்.

"எதுக்குப்பா காத்திருக்கே?"

"அடிப்பொட்டி எதுன்னு இன்னும் சொல்லலீங்களே மேடம்."

கேள்வி எடுப்பவர்கள் நம்மைப் போல நல்லவர்கள் இல்லை. அடியில் இருக்கும் பெட்டி எது என்பதைத்தான் கடைசியில் கேள்வியாகவே கேட்பார்கள். அதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். இவன் அடிப்பெட்டி தெரியாமல் மேல்பெட்டியை வைக்க மாட்டேன் என்றால், தேர்வு மணி அடிக்கும்வரை கட்டம் காலியாகவே இருக்கும். முந்தைய இரண்டு தேர்விலும் அதுதான் நடந்திருக்கிறது. பெட்டிப் புதிரில் மாட்டி, அதைவிட்டு வெளியே வராமல், பின்னால் இருந்த சுலபமான கேள்விகளைப் பார்க்காமலேயே எழுந்து வந்திருக்கிறான்.

"இது பேப்பர்தானேப்பா" என்றேன்.

"தெரியுதுங்க மேடம். பேப்பருதான்னு நல்லாத் தெரியுது. கை போவ மாட்டேங்குது."

அவன் அதைச் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் அடியிலிருந்து அடுக்குகிற கை அது. அடியில் ஒன்று கோணினால் மேலே உள்ளது மொத்தமும் ஆள்மேல் சாயும். அந்தக் கையைப் பார்த்து, மேலிருந்து மூன்றாவதை முதலில் வை என்றால் அது எப்படிக் கேட்கும்?

என்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தேன். மாடிப் புதிர் என்று ஒன்று இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். பெட்டிக்குப் பதில் எட்டு மாடிக் கட்டிடம், மாடிக்கு ஒருவர் குடியிருப்பார். கணக்கு ஒன்றுதான், வேஷம்தான் வேறு. மாதையன் மாடிப் புதிரை வகுப்பில் யாருக்கும் சளைக்காமல் போடுவான். கீழ்வீடு காலியாக இருந்தாலும் மேல்வீட்டில் ஆள் இருப்பார்கள், அதில் அவனுக்கு ஒரு சங்கடமும் இல்லை. எனவே, "பெட்டின்னு நெனைக்காதே, மாடின்னு நெனச்சுக்கோ" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பெரிதாக ஏதோ சாதித்தவள்போல நின்றேன். அவன் தாளைப் பார்த்தான். பிறகு பேனாவை வைத்துவிட்டான்.

"பொட்டின்னு எழுதியிருக்குதுங்களே மேடம்."

தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொள், மேலே இருப்பது அடியாகிவிடும் என்றும் சொல்லிப் பார்த்தேன். "அப்ப எல்லாம் கவுந்துருமுங்களே" என்றான். எனக்கே வெட்கமாகிவிட்டது.

அந்த நேரம் பிரபு என்று ஓர் இளைஞர் ரீசனிங் பிரிவில் என்னோடு சேர்ந்திருந்தார். இப்போது உங்களுக்கெல்லாம் தலைவராக இருக்கும் அதே பிரபு சார்தான். இதை அவரும் படிப்பார், படிக்கட்டும். அவருக்கு எதிலும் வேகம். "மேடம், பயம் தெளியிற வரைக்கும் தண்ணியிலதான் தள்ளணும். பாக்ஸ் மட்டும் போடட்டும், வேற எதுவும் வேண்டாம்" என்றார். மாதையனிடம் ஒரு கற்றை நகல் எடுத்துக் கொடுத்தார். தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. எனக்கும் வேறு வழி தோன்றாததால் சரி என்றேன்.

மாதையன் சொன்னதைச் செய்கிறவன். பெட்டி, பெட்டி, பெட்டி என்று போட்டுக்கொண்டே இருந்தான். எழுதுவான், அழிப்பான், எழுதுவான், அழிப்பான். பெட்டி வரவில்லை. அது மட்டும் என்றால் பரவாயில்லை. அதுவரை சுலபமாகப் போட்ட மாடிப் புதிரிலும் தயங்க ஆரம்பித்தான். வட்ட மேசையைச் சுற்றி ஆள்களை உட்கார வைக்கும் புதிரில்கூட, முதல் ஆளை எங்கே உட்கார வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தான். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்பார்களே, அந்தக் கதை. வார மாதிரித் தேர்வில் அவன் பெயர் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மாதையன் வகுப்புக்கு வரவில்லை. வகுப்பு முடியும் நேரத்தில் அவன் மனைவியோடு வண்டியில் வந்து இறங்கினான். அவள் பெயர் சங்கீதா. காரிமங்கலம் பக்கம் ஒரு கம்பெனியில் தையல் வேலை. நல்ல உயரம், நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிற பெண். மாதையன் வாசலிலேயே நின்றுகொண்டான். அவள்தான் உள்ளே வந்தாள். நானும் பிரபுவும் உட்கார்ந்திருந்தோம்.

"மேடம், நான் சுத்தி வளைக்காம கேக்கறங்க. வூட்டுல செவுரு முழுக்கப் பொட்டி வரைஞ்சு வெச்சிருக்காரு இவுரு. தூக்கத்துல பொட்டி பொட்டிங்கறாரு. எங்கண்ணன் பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை பேசி வெச்சிருக்கறான். ரெண்டு பேருக்கும் தங்கறதுக்கு ரூமும் பாத்துட்டான். திங்கக்கெழமை வரச் சொல்றான். இவுருக்கு இது வருமா வராதா, அதை மட்டும் சொல்லுங்க. வராதுன்னா நாளைக்கே மூட்டையைக் கட்டிக்கறம். எங்களுக்கு ஒண்ணும் கோவமில்லீங்க."

பிரபு வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். "வரும்மா, போகப் போக வரும்." நம் தொழிலில் நாம் எல்லோரும் சொல்லும் வார்த்தை. நானே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். பலருக்கு அது பலித்தும் இருக்கிறது. நான் கையைக் காட்டி அவரை நிறுத்தினேன்.

"உக்காரும்மா. கொஞ்சம் பொறு" என்றேன்.

மாதையன் எழுதிய மாதிரித் தேர்வுத் தாள்களை எடுத்து வரச் சொல்லி, பெட்டி மட்டும் போடச் சொன்னதற்கு முன்னால் எழுதியவற்றைத் தனியே எடுத்து வைத்தேன். பெட்டிப் புதிரை விரலால் மறைத்துக்கொண்டு மீதியை மட்டும் பார்த்தேன். கணக்கு நன்றாக இருந்தது. ஆங்கிலம் சுமார். ரீசனிங்கில் பெட்டி இல்லாத இடமெல்லாம் பெரும்பாலும் சரி. ஆனால் எல்லாத் தாளிலும் கடைசி வரிசைக் கேள்விகள் தொடப்படாமல் இருந்தன. அந்த நேரத்தை எல்லாம் பெட்டி தின்றிருந்தது. அதை அவனுக்குத் திருப்பிக் கொடுத்தால் கட்-ஆஃப் மதிப்பெண்ணைத் தொடலாம். தொடலாம், அவ்வளவுதான். ஒரு பெட்டிப் புதிர் வந்தால் தாங்கும். இரண்டு வந்தால் தாங்காது.

சங்கீதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குடும்பம் ஊரில் இருப்பதா போவதா என்பது என் வாயில் இருந்தது. பயமாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"பெட்டிப் புதிர் அவனுக்கு வராது" என்றேன்.

பிரபு நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். வாசலில் நின்ற மாதையன் தலையை நிமிர்த்தினான்.

"ஆனா அது இல்லாமலே பாஸ் பண்ண முடியும்னு நெனைக்கறேன். இன்னையிலிருந்து அவன் பெட்டி போடக் கூடாது. பரீட்சையில் பெட்டின்னு கண்ணுல பட்டா அடுத்ததுக்குப் போயிடணும்."

"உறுதியாச் சொல்றீங்களா மேடம்?" என்றாள் சங்கீதா.

"உறுதின்னு சொல்ல மாட்டேன். ரெண்டு பெட்டி வந்தா கஷ்டம். ஆனா இவனுக்கு இருக்கிற ஒரே வழி இதுதான். அதை உறுதியாச் சொல்றேன்."

கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் எதைப் பார்த்தாளோ, எழுந்துகொண்டாள். "அப்ப பரீட்சை முடியட்டும்னு எங்கண்ணங்கிட்ட சொல்லிக்கறங்க" என்றாள்.

அவர்கள் போன பிறகு பிரபு என்னிடம் சண்டைக்கு வந்தார். "அஞ்சு கேள்வி இருக்கற ஒரு முழு செட்டை விடச் சொல்றீங்களே மேடம். வாத்தியாரே வராதுன்னு சொல்லலாமா?"

"வைத்தியர் சொல்லலாம், நாம சொல்லக் கூடாதா?" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. அன்று இருவரும் தனித்தனியாக டீ குடித்தோம்.

விடச் சொன்னால் விட்டுவிட முடியும் என்று நினைக்காதீர்கள். புதிரைப் போடுவதைவிட அதை விடுவது கடினம். முதல் நாள் மாதிரித் தேர்வில் நான் வேண்டுமென்றே பெட்டிப் புதிரை முன்னால் வைத்தேன். அவன் கை தன்னால் எட்டுக் கட்டம் வரைய ஆரம்பித்துவிட்டது. பின்னால் நின்று முதுகில் தட்டினேன். அடுத்த நாளும் தட்டினேன். அதற்கப்புறம் தட்ட வேண்டியிருக்கவில்லை. அப்போது நம் மையத்தில் பிரபு கொண்டுவந்த ஒரு வழக்கம் இருந்தது. மாதிரித் தேர்வு முடிந்ததும், புதிர் செட்டைத் தொடாமல் விட்டவர்கள் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். மாதையன் எழுந்து நின்றான்.

"ஏன் விட்டே?" என்றார் பிரபு.

"விடச் சொல்லியிருக்காங்க சார்" என்றான், என்னைக் காட்டி. முகத்தில் துளி வெட்கம் இல்லை. பிரபு அவனை உட்காரச் சொன்னார். அந்த வாரத்தோடு எழுந்து நிற்கும் வழக்கம் போயிற்று.

மாடிப் புதிரில் அவன் கை பழையபடி ஓட ஆரம்பித்தது. கடைசி வரிசைக் கேள்விகள் அவனுக்குப் புதுச் சொத்துபோல இருந்தன. "இத்தன நாளா இது இங்கதான் இருந்துச்சுங்களா மேடம்?" என்று ஒரு நாள் கேட்டான்.

தேர்வு சேலத்தில். அன்று எனக்கு வகுப்பில் கால் தரிக்கவில்லை. இரண்டு பெட்டி வந்துவிடக் கூடாது என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டேன். ரீசனிங் வாத்தியாருக்குக் குலதெய்வம் ஒன்றுதான் மிச்சம் என்று பிரபு கிண்டல் செய்தார். ஆனால் சாயங்காலம் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றது அவர்தான்.

மாதையனும் சங்கீதாவும் மாடிப்படி ஏறி வந்தார்கள்.

"மொதல் செட்டே பொட்டிங்க மேடம்" என்றான்.

"விட்டியா?"

"விட்டுட்டன். அடுத்தது மாடி. போட்டன். மத்ததெல்லாம் போட்டன். கடைசில கொஞ்சம் நேரம் இருந்துச்சுங்க. பொட்டிக்குத் திரும்பிப் போயிட்டன்."

"ஏன்டா போனே?" என்றேன். நான் யாரையும் வாடா போடா என்பதில்லை. அன்று வந்துவிட்டது.

"சும்மா பாக்கலாம்னுதாங்க. எஃப் மேல இருந்து ரெண்டாவதுன்னு போட்டிருந்துச்சு. படிச்சுட்டு வந்துட்டன். வந்து முன்ன போட்டதெல்லாம் ஒருக்கா பாத்தன். ஒண்ணுல விடையைக் கரெக்ட்டாக் கண்டுபுடிச்சுட்டு, மவுஸ்ல வேறதை அமுக்கி வெச்சிருக்கறன். மாத்திட்டன்."

முடிவு வந்தபோது அவன் கட்-ஆஃபை உரசிக்கொண்டு உள்ளே போயிருந்தான். அந்த ஒரு விடையை மாற்றியிருக்காவிட்டால் வெளியேதான் நின்றிருப்பான். பிரபு அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் கட்டமான முதன்மைத் தேர்வையும் மாதையன் அதே மாதிரிதான் எழுதினான். வேலை கிடைத்தது. பென்னாகரம் பக்கம் ஒரு கிளையில் போட்டார்கள். சங்கீதாவின் அண்ணன் பெங்களூரில் பார்த்து வைத்த ரூமுக்கு வேறு யாரோ குடி போனார்கள்.

இந்தக் கதையைப் படித்துவிட்டு நாளையிலிருந்து எல்லோரையும் "விட்டுடு, விட்டுடு" என்று சொல்லிவிடாதீர்கள். வராது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வரும். அவர்கள் தாளை வாங்கிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் சோம்பேறித்தனம். திட்டி உட்கார வையுங்கள். எழுதி எழுதி அழித்துத் தாள் கிழிந்திருந்தால் அங்கே நில்லுங்கள். அவனை இன்னும் தள்ளினால், நன்றாக வருவதும் கெட்டுப்போகும். எப்போது தள்ளுவது, எப்போது நிறுத்துவது என்பதை எந்த வீடியோவும் சொல்லித் தராது. தேர்வுக்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது, எதிரே ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும்போது, அதை நீங்களேதான் முடிவு செய்ய வேண்டும்.

வேலையில் சேர்ந்த பிறகு மாதையனை அழைத்துச் சால்வை போர்த்தினோம். புது மாணவர்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னோம். அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தான். முன் பெஞ்சில் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வரும் ஒரு பெண் எழுந்தாள். கையில் பேனாவைத் தயாராக வைத்திருந்தாள்.

"அண்ணா, பாக்ஸ் புதிரை வேகமாப் போடறதுக்கு உங்க டெக்னிக் என்னங்கண்ணா?"

"எனக்கு அது வராதும்மா" என்றான் மாதையன்.

அவள் விழித்தாள். "அப்புறம் எப்பிடிங்கண்ணா பாஸ் பண்ணீங்க?"

"வந்ததையெல்லாம் போட்டன்."

யாராவது கைதட்டுவார்கள் என்று பார்த்தேன், தட்டவில்லை. மாதையன் மைக்கைப் பிரபுவிடம் கொடுத்துவிட்டு சங்கீதாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

வகுப்பு முடிவில் "டவுட் இருக்கா?" என்று இத்தனை வருஷமாகக் கேட்டுவந்தேன். எல்லோரும் தலையை இல்லை என்று ஆட்டிவிட்டு ஓடுவார்கள். நீங்களும் அதைப் பார்த்திருப்பீர்கள். அன்று சாயங்காலம் என் மேசைக்கு முன்னால் ஒரு வரிசை நின்றது. ஒருத்திக்குத் திசை வரவில்லை. ஒருவனுக்கு வட்ட மேசை வரவில்லை. ஒரு பையன் தணிந்த குரலில், தனக்கு சதவீதம் ஏழாம் வகுப்பிலிருந்தே வரவில்லை என்றான். ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேசினேன். இவ்வளவு பேருக்குப் பாடம் எடுத்ததில், எனக்கு அதைவிட நிறைவான சாயங்காலம் வாய்த்ததில்லை.

கடைசிப் பிள்ளையும் போன பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பிரபு இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், எனக்கு ரத்த உறவுக் கேள்வி வராது. பையனோட அம்மாவோட தம்பின்னு ஆரம்பிச்சாலே சுத்துது. இத்தனை நாளா மனப்பாடம் பண்ணித்தான் நடத்தறேன்" என்றார்.

அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். நான் பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.